வண்டியில் நல்ல சேதி கிடையாது

எங்கள் வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. குழந்தையை அடுத்த ஆஸ்பத்திரியின் கட்டிலில் இறக்கி, அங்கே இருக்கிற டாக்டர் "சரி, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்கிற வரைக்கும் பெற்றவர்களிடம் நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொல்லக் கூடாது. குழந்தை கண் திறந்தாலும் சொல்லக் கூடாது, சிரித்தாலும் சொல்லக் கூடாது. இதை எந்த மேலதிகாரியும் போடவில்லை. நான்தான் போட்டேன்.

நான் ஓசூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் எனக்கு வேலை இல்லை, ஆம்புலன்ஸில்தான். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் கைமீறிப் போன குழந்தைகளை ஏற்றி வந்து ஓசூரில் சேர்ப்போம். ஓசூரிலும் முடியாது என்றால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். டிரைவர் என்னைவிட இளையவர். மத்திகிரியில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிர் லைனில்தான் குடியிருக்கிறார். "அக்கா, உங்க மூஞ்சியப் பாத்தாலே பாதி உசுரு போயிருது. மீதி உசுரத்தான் நான் ஓட்டிட்டுப் போறன்" என்று கேலி செய்வார். செய்யட்டும். என்னுடையது எழவு வீட்டு மூஞ்சிதான். அதை நான் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன்.

ஜனங்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் வேகம். சைரனைப் போட்டுப் பறந்தால் குழந்தை பிழைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஓடுகிற வண்டியில் குழந்தைக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றிப் பார்த்தால் தெரியும் அந்த வேகத்தின் லட்சணம். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ரோட்டுச் சத்தம்தான் கேட்கும். அதனால் மூச்சுக்கு வழி, மருந்துக்கு வழி, உடம்புச் சூடு, ரத்தத்தில் சர்க்கரை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புவோம். அது முடிகிற வரைக்கும் சொந்தக்காரர்கள் வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். "உள்ள என்னாதான் பண்றாங்க, கெளப்புங்கடா" என்று ஒருவர் டயரை உதைப்பார். நான் கதவைத் திறந்து, "இன்னொரு தடவ தட்டினீங்கன்னா நான் எறங்கிப் போயிருவன், நீங்களே பாத்துக்கங்க" என்பேன். எனக்குப் பொறுமை கிடையாது. இருக்கிற பொறுமை எல்லாம் குழந்தைக்கே சரியாகப் போய்விடுகிறது.

சட்டம் போட்டதற்குக் காரணம் சாமல்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன். டெங்கு முற்றி, கை கால் சில்லிட்டு, நாடியே பிடிபடாமல் கிடந்தான். சலைனை ஏற்றி, அளந்து அளந்து மருந்து கொடுத்து ஒருவழியாக நிமிர்த்திப் பெங்களூருக்குக் கிளம்பினோம். சூளகிரி வந்தபோது கண்ணைத் திறந்து "தண்ணி" என்றான். டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து, "தம்பி தேறிட்டான்பா, இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். பையனின் அப்பா வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். தேறியவனை எதற்குப் பெங்களூரில் கொண்டுபோய்க் கூறு போட வேண்டும் என்று கேட்டார். பின்னாலேயே ஒரு வேனில் வந்துகொண்டிருந்த சொந்தக்காரர்கள் பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். நான் நடு ரோட்டில் நின்று கத்தினேன், வாயில் வந்த கெட்ட வார்த்தை எல்லாம் பேசினேன். வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே பையன் முடிந்துவிட்டான் என்று மறுநாள் தெரிந்தது. டிரைவர் ரெண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

இதில் இருக்கிற கொடுமையைப் பாருங்கள். நாங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறோமோ அவ்வளவுக்குக் குழந்தை பிழைத்துவிட்ட மாதிரி தெரியும். தெரிந்தால் வண்டியைத் திருப்பச் சொல்வார்கள். நாங்கள் அரைகுறையாக வேலை செய்து குழந்தை இழுத்துக்கொண்டு கிடந்தால் வாயைத் திறக்காமல் பெங்களூர் வரைக்கும் வருவார்கள். அதனால்தான் இந்த மூஞ்சி.

நான் சொல்ல வந்த பெண் குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும். நாகரசம்பட்டிப் பக்கம், சொந்தமாகக் கொஞ்சம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மா பூவெடுத்திருந்த சமயம். பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் அந்த வருஷம் காய் இல்லை, அதனால் தோப்புக்குத் தோப்பு மருந்தடிப்பார்கள். அடித்து மிஞ்சியதைக் குழந்தையின் அப்பா ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூம் ஜன்னலில் வைத்திருக்கிறார். அங்கே எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். இதே பாட்டிலுக்காக நான் எத்தனையோ குழந்தைகளை ஏற்றியிருக்கிறேன். சொன்னால் தலையாட்டுவார்கள். அடுத்த பூவெடுப்புக்கு அதே ஜன்னலில் அதே மாதிரிப் பாட்டில் இருக்கும்.

குழந்தை ஒரு மடக்குக் குடித்திருக்கிறாள். வாந்தி எடுக்கட்டும் என்று வீட்டில் புளியைக் கரைத்து வேறு ஊற்றியிருக்கிறார்கள். நாங்கள் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாயில் நுரை தள்ளிக்கொண்டு, வேர்வையில் நனைந்து, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிக் கிடந்தாள். நெஞ்சுக்குள் சளி களகளவென்று கொதித்தது.

வெளியே வராந்தாவில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம். அடித்தது குழந்தையின் தாய்மாமன். "எந்தங்கச்சி புள்ளயக் கொன்னுட்டான். இந்தக் கொலகாரன் வண்டில ஏறக் கூடாது" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அப்பா எழுந்து வரவும் இல்லை, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவும் இல்லை. எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வரவில்லை. பாட்டிலை நினைத்தால் வயிறு எரிந்தது.

இந்த விஷத்துக்கு அட்ரோபின் என்று ஓர் ஊசி உண்டு. நெஞ்சில் களகளப்பு அடங்குகிற வரைக்கும் திரும்பத் திரும்பப் போட வேண்டும், அடங்கிய பிறகும் விடாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உறிஞ்சு குழாயைப் போட்டு வாயைச் சுத்தம் செய்வதும், ஊசியைத் தள்ளுவதும், நெஞ்சைக் கேட்பதுமாக நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஆயிற்று. நெஞ்சு காய்ந்த பிறகுதான் பெங்களூருக்குக் கிளம்பினோம். அம்மா என்னோடு பின்னால் உட்கார்ந்தாள். அப்பாவின் அண்ணன், குழந்தைக்குப் பெரியப்பா, டிரைவர் பக்கத்தில். தாய்மாமன் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனான்.

குருபரப்பள்ளி தாண்டியதும் குழந்தை மாறத் தொடங்கினாள். அட்ரோபின் நன்றாகப் பிடித்தால் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிடும், கண் அகல விரியும், கை காற்றில் எதையோ பொறுக்கும், வாய் ஏதேதோ பேசும். நுரை தள்ளிக் கிடந்தவள் திடீரென்று தலையைத் தூக்கி, "அம்மா, பூனை நிக்குது, அத எறக்கு" என்றாள்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. "அக்கா, பேசறா. எம்புள்ள பேசறா."

"பேச்ச நம்பாத. மருந்து பேச வைக்குது."

"நல்லாயிட்டாளாக்கா?"

"இல்ல. எப்ப வேணாலும் மூச்சு நின்னுரும்."

நான் சொன்னது பொய் இல்லை. இந்த விஷம் அப்படிப்பட்டது. விளையாட விட்டுவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து மூச்சுத் தசைகளை ஓய்த்துவிடும். அப்போது வெண்டிலேட்டர் இருக்கிற இடத்தில் இருந்தால் பிழைக்கும், வீட்டில் இருந்தால் கதை முடிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த வண்டிக்குள் குழந்தை நன்றாகத்தான் இருந்தாள். நாடி சரி, ஆக்சிஜன் சரி, நெஞ்சு சுத்தம். நான் செய்த வேலையில் எனக்கே பெருமை. அதை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் இருந்த பெரியப்பா சத்தம் கேட்டுத் திரும்பினார். நடுவில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகக் குழந்தை கை ஆட்டுவதைப் பார்த்துவிட்டார்.

"பாப்பா எந்திரிச்சிருச்சா? அப்ப திருப்புப்பா வண்டிய. நம்ம ஊர்லயே வச்சிப் பாத்துக்கலாம். அங்க போனா கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்க வெச்சிருவாங்க, உள்ள என்னா பண்றாங்கன்னே தெரியாது."

டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தார். இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை.

"திருப்பட்டும்" என்றேன். "தாராளமா திருப்பட்டும். திருப்பற எடத்துலயே நெலம் எதுனா இருக்குதான்னு பாத்துக்கங்க. ஊர் போற வரைக்கும் தாங்காது, அங்கயே பொதைச்சிட்டுப் போயிரலாம்."

அம்மா வீறிட்டாள். பெரியப்பா என்னை அடித்துவிடுவார் போலப் பார்த்தார். பிறகு தலையை முன்பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டி திரும்பவில்லை. எனக்கு வேண்டியது அதுதான், அதற்குமேல் யார் என்னை என்ன நினைத்தால் எனக்கென்ன.

அம்மா கொஞ்ச நேரம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுக்கா. பொழைச்சிக்குவாளா?"

"சொல்ல முடியாது. கஷ்டம்தான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்குள் இருந்து போனை எடுத்தாள். அண்ணனை, அந்தத் தாய்மாமனைக் கூப்பிட்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். மத்திகிரியில் பத்து வீட்டுக்கு நாலு வீடு தெலுங்கு என்பதால் எனக்கு நன்றாகவே புரியும். கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அண்ணா, பாப்பாவை எடுத்துக்கொண்டுதான் வருவோம், ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கை குழந்தையின் மாஸ்க்கில் இருந்தது, மறு கை ஊசி மருந்தில். போனைப் பிடுங்க மூன்றாவது கை இல்லை. இப்போதெல்லாம் வண்டியில் ஏறும்போதே போனை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஓசூரில் ஷிப்டு விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக சிப்காட் ரோட்டில் இருந்து ஹைவேயில் ஏறிக்கொண்டிருந்தன. சைரன் கேட்டும் ஒருவனும் ஒதுங்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அம்மா பார்க்கிறவர்களை எல்லாம் கும்பிட்டாள். ஊர்ந்து ஊர்ந்து அத்திப்பள்ளியைத் தாண்டினோம். குழந்தை பூனையை விட்டுவிட்டு எறும்பு பொறுக்கத் தொடங்கியிருந்தாள்.

பெங்களூரில் கட்டிலில் இறக்கி, நடந்ததை எல்லாம் ஒப்பித்து, அங்கே இருந்த டாக்டர் தலையாட்டிய பிறகு வெளியே வந்தேன். இனி என் சட்டம் முடிந்தது. அம்மாவை உட்கார வைத்துச் சொன்னேன்.

"இப்பக் கேளு. பாப்பா வழியெல்லாம் நல்லாத்தான் வந்தா. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு கண்டம் இருக்குது, மூச்சுக்குக் கொழாய் போட வேண்டி வரும், பயந்துக்காத. பொழைச்சிக்குவா."

அவள் என்னையே பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எதுக்கு அப்பிடிச் சொன்ன?"

"சொல்லலன்னா முன்னாடி ஒக்காந்திருந்தவரு வண்டியத் திருப்பியிருப்பாரு. திருப்பியிருந்தா நாளைக்கி நெசமாவே அழுதிருப்ப."

அவள் அவசரமாக அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வேறு யாருக்கோ போட்டாள், அதையும் எடுக்கவில்லை. எங்களுக்கு அடுத்த அழைப்பு வந்துவிட்டது, கிளம்பிவிட்டோம்.

சில நாள் கழித்து இன்னொரு குழந்தையை இறக்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அந்த அப்பா நின்றுகொண்டிருந்தார். ரெண்டு உள்ளங்கையிலும் கிழித்த துண்டு சுற்றியிருந்தது. கை என்ன ஆச்சு என்று கேட்டேன். சுற்றியிருந்ததை அவிழ்த்துக் காட்டினார். கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைந்து, தோல் உரிந்து சிவந்திருந்தது.

"கடப்பாறைங்க" என்றார்.

என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன். அவர் துண்டை மறுபடியும் கையில் சுற்றிக்கொண்டார்.

"பாப்பாவப் பாத்தியா?"

"வூட்டாளுங்க உள்ள உட மாட்டேங்கறாங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். நான் சொன்னபடியே இரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சுத் தசைகள் ஓய்ந்திருந்தன. வாயில் குழாய் போட்டு வெண்டிலேட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குத் திருப்பியிருந்தால் அன்றோடு போயிருப்பாள். நான் நினைத்தது சரிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே வந்து அவரிடம், "பாப்பா உசுரோடதான் இருக்கறா" என்றேன். அவர் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது அவர்கள் மறுபரிசோதனைக்கு ஓசூருக்கு வந்த அன்றுதான். டாக்டருக்காகக் காத்திருக்கும்போது அம்மா சொன்னாள். என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, எதிர்ச் சுவரிடம் சொல்கிற மாதிரி.

அவர்கள் பக்கம் செத்த குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். இருட்டுவதற்குள் புதைத்துவிட வேண்டும். பெங்களூரில் இருந்து உடம்பு வருவதற்குள் குழி தயாராக இருக்கட்டும் என்று அவள் போனை வைத்ததுமே தோப்பு மூலையில் இடம் பார்த்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு ஊரில் ஆள் இருந்தார்கள். தாய்மாமன் ஒருவரையும் கிட்டே விடவில்லை. கடப்பாறையை அப்பாவின் கையில் கொடுத்து, "நீதான கொன்ன, நீயே வெட்டு" என்றிருக்கிறான். ஊரே சுற்றி நின்று பார்த்திருக்கிறது. தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. அவர் தன் மார் ஆழத்துக்கு வெட்டியிருக்கிறார்.

"பாப்பா சாவலன்னு கடசியில எம் போன எடுத்த ஆளு ஓடிப் போயிச் சொன்னப்ப இவரு குழிக்குள்ள இருந்தாரு" என்றாள். "மேல ஏறி வரவேயில்லயாம். நெசமாவான்னு கேட்டுக்கிட்டே அங்கயே ஒக்காந்துட்டாராம். நாலு பேரு எறங்கித் தூக்கிட்டு வந்தாங்க."

வெட்டிய குழியைச் சும்மா மூடினால் அது மறுபடியும் ஆளைக் கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் ஒரு வாழை மரத்தைக் குழந்தை உயரத்துக்கு நறுக்கி, அதற்குக் குழந்தையின் மஞ்சள் கவுனைப் போட்டு, பொட்டு வைத்து, பால் ஊற்றிப் புதைத்திருக்கிறார்கள். அதையும் அவர் கையாலேயே செய்ய வைத்திருக்கிறான் தாய்மாமன்.

"நீ அன்னிக்கி வண்டியில ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லியிருந்தா..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொல்லியிருந்தா அந்தக் குழிக்கு வாழ மரம் தேவப்பட்டிருக்காது" என்றேன்.

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சொன்னது கொடூரம்தான். உண்மையும்தான். அடுத்த வண்டியிலும் நான் அதே மூஞ்சியோடுதான் உட்காருவேன், கேட்கிறவர்களுக்கு அதே பதிலைத்தான் சொல்வேன்.

பேச்சை மாற்றுவதற்காகக் குழந்தையை மடியில் உட்கார வைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இளைத்திருந்தாள், குரல் இன்னும் கரகரவென்று இருந்தது, ஆனால் மூச்சு ரெண்டு பக்கமும் தடையில்லாமல் போய் வந்தது.

"சுத்தமா இருக்குது. நல்லாயிட்டா" என்றேன்.

"டாக்டரே சொல்லட்டும்" என்றாள் அம்மா.

அப்பா கொஞ்சம் தள்ளித் தூண் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளங்கையில் புதுத்தோல் வெளிறிப்போய் வந்திருந்தது. குழந்தை அவரிடம் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. அவள் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டே, ஊரில் பிள்ளைகள் யாரோ சொல்லிக் கொடுத்ததை என்னிடம் புகாராகச் சொன்னாள்.

"எம் மஞ்ச கவுன அப்பா மண்ணுல பொதைச்சிட்டாரு."

"வேற கவுனு வாங்கிக்கலாம்."

"அதப் போட்டுக்கிட்டு உள்ள யாரு இருக்கறா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"யாருமில்ல. வாழ மரம்."

குழந்தை ஸ்டெதஸ்கோப்பை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அதுக்கு எதுக்கு எங் கவுனு?"